திருத்தணி மாணவரும் கும்ரான் சுருள்களும்

மலைக்கோயிலால் பெயர்பெற்ற திருத்தணியில் 1888ஆம் ஆண்டு பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியிலும், வேலூர் ஊரிசுக் கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். அங்கே அவர் திருமறையையும் கற்றார். தம் முன்னோரின் சமயத்தைக் குறித்த கண்டனத்தையும் கேட்டார். வேதாந்தத்தில் ஒழுக்கவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்கு அவர் அளித்த மறுமொழியே, 1908இல் வெளிவந்த அவருடைய எம்.ஏ. ஆய்வுரை. அதைப் பாராட்டியவர் அவருடைய கிறித்தவ ஆசிரியர் ஏ. ஜி. ஹாக் என்பது நினைவிற்கொள்ளத்தக்கது.

1936இல் ஆக்ஸ்போர்டில் கீழைச் சமயப் பேராசிரியரான இராதாகிருஷ்ணன், 1939இல் வெளியிட்ட நூலில் புதிய ஏற்பாட்டுக் காலச் சமுதாயத்தை ஆராய்ந்தார். எஸ்ஸேனரின் துறவு வாழ்வில் இந்தியச் செல்வாக்கை அவர் கண்டார். இது வெறுங்கற்பனையன்று: அசோகரின் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டு சிரியா, எகிப்து நாடுகளின் கிரேக்க மன்னரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. எனினும் தொடர்பு வேறு, தோற்றம் வேறு. 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களைப் பெரும்பாலான அறிஞர் எஸ்ஸேனருக்குரியவை என்பர். அவை காட்டும் சமூகமோ மோசேயின் நியாயப்பிரமாணத்திலும் தீர்க்கதரிசன நூல்களிலும் வேரூன்றியது.

ஆகவே அவருடைய முடிவை நாம் ஏற்க வேண்டுவதில்லை. ஆனால் அவர் எழுப்பிய வினாவுக்குச் சான்றுகொண்டே விடையளிக்க வேண்டும். பிறர் சமயத்தை ஆராயாமல் பழிக்கும் போதகர், தம் மறைநூலையும் ஆராயாமலே போதிப்பார். மாற்றுக் கருத்துடைய மாணவனின் உழைப்பை மதித்த ஹாக்கின் நேர்மை இன்றைய இறையியல் வகுப்பறைக்கும் வேண்டும்.