ஆப்பும் இழைப்புளியும்: இடைக்கால ஜப்பானில் பலகை சமன்செய்யும் முறையில் நேர்ந்த மாற்றம்

நாரா நகருக்கு அருகிலுள்ள ஹோர்யூஜி பௌத்த விகாரையின் மேற்கு வளாகம், இன்று நிலைத்திருக்கும் மரக்கட்டடங்களுள் உலகிலேயே மிகப் பழையவற்றைக் கொண்டது. அவற்றை எழுப்பிய தச்சர்களிடம் மரத்தைக் குறுக்கே அறுக்கும் வாள் இருந்தது. நெடுக்காக அறுத்துப் பலகையாக்கும் பெருவாள் இல்லை. கட்டையுள் தகடு பொருத்திய இழைப்புளியும் இல்லை.

ஹினோக்கி மரத்தின் நார் நேராக ஓடுவது. அந்நாரோட்டத்தில் உளிகளையும் ஆப்புகளையும் வரிசையாக அடித்து அடிமரத்தைப் பிளந்தனர். பிளவுபட்ட கரடுமுரடான முகத்தை மைக்கயிற்றால் குறியிட்டு வாய்ச்சியால் செதுக்கினர். இறுதியாக, நீண்ட காம்பின் நுனியில் இலைவடிவ அலகுடைய 'யாரிகன்னா' என்னும் கருவியால் சீவினர். 1309ஆம் ஆண்டைச் சார்ந்த 'காசுகா கொங்கென் கென்கி' படச்சுருளில் இப்பணிகள் தெளிவாகத் தீட்டப்பட்டுள்ளன.

யாரிகன்னா சீவிய பரப்பு கண்ணாடிபோல் ஒரே தளமாவதில்லை. கரண்டியால் வழித்தாற்போன்ற ஆழமற்ற குழிவுகள் அதில் எஞ்சும். அலகின் ஆழத்தைக் கட்டுப்படுத்துவது தச்சனின் கையே. இழைப்புளியிலோ அப்பொறுப்பு கட்டையின் அடிப்பரப்புக்கு மாறுகிறது: அடிப்பரப்பு மேடுகளில் தங்குவதால் அலகு மேடுகளையே முதலில் சீவுகிறது. சமன்மை என்பதன் பொருளே இங்கு மாறிவிடுகிறது எனலாம்.

இருவர் இழுக்கும் 'ஓகா' பெருவாள் முரோமாச்சிக் காலத்தில் பரவியது. இழைப்புளியும் ஏறத்தாழ அதனை அடுத்தே வழக்கில் வந்தது. புதிய கருவி வந்தது, ஆதலால் முறை மாறியது என்று கூறி நிறுத்துவது போதாது. பெருங்கட்டடப் பணிகளால் நேர்நார் கொண்ட பெரிய ஹினோக்கி மரங்கள் அருகிவந்தன. முறுக்கு நாருடைய கெயாக்கி போன்றவை ஆப்புக்கு நேராகப் பிளவா, வாளுக்கு உடன்படும். வாள் விட்டுச்சென்ற தடங்களை நீக்கவோ இழைப்புளி தேவைப்பட்டது. காட்டின் நிலையே கருவிக்கு வழிவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம்.

யாரிகன்னா பின்னர் பெரிதும் வழக்கொழிந்தது. இருபதாம் நூற்றாண்டு ஹோர்யூஜி மறுசீரமைப்பில் விகாரைத் தச்சர் நிஷியோக்கா ட்சுனேக்காசு (1908–1995) அதனை மீட்டெடுத்தார். பழைய உறுப்புகளை அடுத்து இழைப்புளியால் மழமழப்பாக்கிய புதிய பலகையைப் பொருத்தினால் பரப்பின் இயல்பே வேறுபடும் என்பது வெறும் அழகியல் சிக்கலன்று. கட்டடம் தன் காலத்திற்குத் தரும் சான்று அதனால் சிதைகிறது. பின்னர் அவர் தலைமைத் தச்சராகப் பணியாற்றிய யாக்குஷிஜி விகாரையின் மேற்குக் கோபுரம் 1981இல் புதிதாக எழுந்தபோதும் யாரிகன்னா பயன்பட்டது.