பிஸ்டன் ஓசை: ஓர் இடைவெளியின் வரலாறு

கார் எஞ்சின்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வேகத்தையும் ஆற்றலையுமே அளவுகோலாகக் கொள்வர். எந்த ஆண்டில் எந்த வண்டி எத்தனை குதிரைத்திறனை எட்டியது என்ற பட்டியலே அங்கு வரலாறாகிவிடுகிறது. அதே வரலாற்றை ஓசையை அளவுகோலாகக் கொண்டு படித்தால் வேறொரு கதை கிடைக்கிறது. வேகத்துக்கென்று கட்டப்பட்ட எஞ்சினைப் பிரித்து, புதிய பிஸ்டன்கள் இட்டு, மறுபடியும் கோத்து, காலைக் குளிரில் முதன்முறையாக இயக்குகிறார் ஒருவர். உள்ளிருந்து 'டக் டக்' என்று உலோகம் தட்டும் ஒலி எழுகிறது. சில நிமிடங்களில் எஞ்சின் சூடேறியதும் அவ்வொலி அடங்கிவிடுகிறது. அந்தச் சில நிமிட ஒலிக்குப் பின்னே நூறாண்டைக் கடந்த ஒரு போராட்டம் இருக்கிறது.

பாடநூல்கள் 'உந்துதண்டு' என்று எழுதினாலும் பட்டறைகளில் வழங்கும் 'பிஸ்டன்' என்ற சொல்லையே நாமும் கையாள்வோம். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. அதைக் கீழிருந்து பற்றியிருக்கும் கனெக்டிங் ராடு நேராக நிற்பதில்லை. சாய்ந்து சாய்ந்தே சுழல்கிறது. எனவே எரிவாயுவின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும்போது ஒரு பக்கச் சுவரின்மீதும் அதைச் சாய்த்து அழுத்துகிறது. உச்சியை அடைந்து திரும்பும் கணத்தில் ராடின் சாய்வு மாறுகிறது. பிஸ்டன் ஒரு சுவரை விட்டு எதிர்ச்சுவருக்குத் தாவுகிறது. இரண்டுக்கும் இடையே இடைவெளி மிகுந்திருந்தால் அந்தத் தாவல் அறையாக மாறுகிறது. நாம் கேட்கும் ஓசை அதுவே.

அப்படியானால் இடைவெளியை ஏன் விட வேண்டும்? இக்கேள்விக்கான விடை 1913ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அதுவரை கார்களில் வார்ப்பிரும்புப் பிஸ்டன்களே வழக்கம். வார்ப்பிரும்பு கனமானது, ஆனால் சிலிண்டரும் அதே உலோகமாதலால் இரண்டும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் விரிந்தன. அவ்வாண்டில் டி.எஃப்.பி. கார்களை இங்கிலாந்தில் விற்றுவந்த டபிள்யூ.ஓ. பென்ட்லி, பிரான்சிலுள்ள அந்நிறுவனத்தின் தொழிற்சாலைக்குச் சென்றார். அங்கே மேசைமீது காகிதங்கள் பறக்காமலிருக்க வைக்கப்பட்டிருந்த சிறு பொருள் ஒன்று அவர் கண்ணில் பட்டது. அது அலுமினியத்தில் செய்த குட்டிப் பிஸ்டன். காட்சிப்பொருளாக இருந்த அதை அவர் கருவியாகக் கண்டார். 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்து பிஸ்டன்களை வார்க்கச் செய்து, தம் கார்களில் பொருத்தி, புரூக்லண்ட்ஸ் ஓட்டப்பாதையில் ஓட்டிக் காட்டினார். முதல் உலகப்போர் தொடங்கியதும் இந்த அறிவு பிரிட்டனின் விமான எஞ்சின்களுக்குச் சென்றது.

எடை குறைந்தது, வேகம் கூடியது, வெப்பமும் விரைவாகக் கடத்தப்பட்டது. ஆனால் அலுமினியத்துக்கு ஒரு குணம் உண்டு. சூடேறினால் அது வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள அலுமினிய வட்டு 100 பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 0.23 மில்லிமீட்டர் வளரும். அதே அளவு வார்ப்பிரும்பு சுமார் 0.11 மில்லிமீட்டரே வளரும். நெருப்பை நேரே எதிர்கொள்ளும் பிஸ்டன் சிலிண்டர்ச் சுவரைவிட மிகுதியாகச் சூடேறுவதும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை போடும் கொல்லர் இரும்பைக் காய்ச்சி விரிய வைத்து மாட்டுவார். ஆறியதும் அது மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். அங்கே வேண்டப்படும் அந்த இறுக்கம் இங்கே மரணம். ஆகவே சூட்டில் பிஸ்டன் வளர்வதற்கான இடத்தைக் குளிரிலேயே விட்டுவைக்க வேண்டியதாயிற்று. அந்த இடமே ஓசைக்கும் இடமளித்தது.

பிறகு வந்த பத்தாண்டுகளில் இவ்விடைவெளியைச் சுருக்கப் பல வழிகள் முயலப்பட்டன. முதலாவது வழி கலவை. அலுமினியத்தோடு சிலிக்கானைச் சேர்த்தால் விரிவு குறையும். ஆனால் கலவை நொறுங்குந்தன்மை பெற்றது. அலடார் பாக்ஸ் என்பவர் 1921இல் காப்புரிமை பெற்ற முறை, சிலிக்கான் துகள்களை நுண்மையாக்கி அக்குறையைப் போக்க உதவியது. இன்று சாதாரணக் கார்களின் பிஸ்டன்களில் ஏறத்தாழ 12 விழுக்காடு சிலிக்கான் இருப்பதன் வேர் அங்கேதான் உள்ளது. இரண்டாவது வழி கட்டுப்பாடு. சார்ல் எடுவார் கியோம் 1896இல் கண்டறிந்த இன்வார் என்னும் நிக்கல்-இரும்புக் கலவை வெப்பத்தில் அநேகமாக விரிவதேயில்லை. 1920இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. அதே பத்தாண்டில் பிஸ்டனுக்குள் இன்வார் பட்டைகளை வைத்து வார்த்து, அலுமினியத்தின் வளர்ச்சிக்குக் கடிவாளம் இட்டனர். மூன்றாவது வழி வடிவம். பிஸ்டனை முழு வட்டமாகக் கடையாமல் சற்றே நீள்வட்டமாகக் கடைந்தனர். சூட்டில் அது வட்டத்தை நெருங்கும். நான்காவதாக, பின் துளையை நடுவிலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் ஒருபக்கம் நகர்த்தினர். இதனால் பிஸ்டன் அழுத்தம் உச்சம் பெறுமுன்பே மெல்லச் சாய்ந்து சுவர் மாறுகிறது. அறை தடவலாகிறது.

இத்தனையும் வீட்டுக் காரை அமைதியாக்கின. பந்தயக் காரின் தேவை வேறு. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு வண்டிகளை விரட்டிய இளைஞர்களுக்கு ஓசை ஒரு பொருட்டே அன்று. உடையாத பிஸ்டனே வேண்டும். சிலிக்கான் மிகுந்த வார்ப்பு, வெடிப்புக் கோளாறின் அடிகளைத் தாங்காது. எனவே வேகப் பந்தயத்துறை அடித்து உருவாக்கிய பிஸ்டன்களின் பக்கம் சாய்ந்தது. அவற்றில் புகழ்பெற்றது 2618 என்னும் கலவை. சிலிக்கான் அதில் மிகச் சொற்பம். 1969இல் முதன்முதலாகப் பறந்த கான்கார்டு விமானத்தின் உடலுக்குப் பயன்பட்ட கலவைக்கு அது நெருங்கிய உறவு. வெப்பத்திலும் வலிமை குன்றாத அக்குணம் அதிகமாக விரியும் குணத்தோடு சேர்ந்தே வருகிறது.

மீட்டெடுத்த எஞ்சினின் ஓசைக்கு முதன்மைக் காரணம் இங்கே தெளிவாகிறது. 2618 பிஸ்டனுக்கு, 100 மில்லிமீட்டர் அளவுள்ள சிலிண்டரில், பல தயாரிப்பாளர்கள் 0.1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இடைவெளி கேட்பர். சுமார் 12 விழுக்காடு சிலிக்கான் கொண்ட 4032 என்னும் அடித்த பிஸ்டனுக்கு அதைவிடக் குறைவே போதும். சாலையில் ஓட்டும் வண்டிக்கு 4032. டர்போவும் கடும் பந்தயமும் என்றால் 2618. ஓசையைக் குறைக்கும் முதல் முடிவு எஞ்சினைக் கட்டுவதற்கு முன், பிஸ்டனை வாங்கும் கணத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

மற்றவை பொறுமையின் வேலை. பிஸ்டன் மேலே ஒல்லியாகவும் கீழே அகன்றும் இருக்குமாதலால், தயாரிப்பாளர் குறிப்பிட்ட இடத்தில்தான் அளக்க வேண்டும். சிலிண்டர்ச் சுவரைத் தேய்த்து மெருகேற்றும்போது, தலைப்பகுதியைப் போல் கனத்த தகட்டை முறைப்படி இறுக்கி வைக்க வேண்டும். இல்லையேல் பின்னர் தலைப்பகுதியை முறுக்கும்போது வட்டம் கோணும். பின் நகர்த்தப்பட்ட பிஸ்டனின் திசைக்குறி சரியான பக்கம் நோக்க வேண்டும். உராய்வைக் குறைக்கவென்று வேண்டுமென்றே மாற்றிப் பொருத்திய பந்தயக்காரர்களும் உண்டு. அவர்கள் சத்தத்தையும் சேர்த்தே வாங்கினார்கள். பிஸ்டனின் கீழ்ச்சுவரில் பூசும் மாலிப்டினம் டைசல்பைடு அல்லது கிராஃபைட் பூச்சு, தட்டலை மென்மையாக்கும்.

இவையெல்லாம் செய்த பின்னும் குளிரில் சிறிது ஓசை எஞ்சும். அதையும் ஒழிக்க நினைத்து, கேட்டதைவிடக் குறைந்த இடைவெளியில் கட்டுபவர் அமைதியை இரவல் வாங்குகிறார். எஞ்சின் முழுவீச்சில் ஓடும்போது பிஸ்டன் வளர இடமின்றிச் சுவரைக் கவ்வும். எண்ணெய்ப் படலம் அறும். பல மாத உழைப்பு சில நொடிகளில் இறுகிப்போகும். ஆகவே ஓசையை அடக்குவதற்கு முன் அதன் மொழியைப் படிக்க வேண்டியிருக்கிறது. சூட்டில் அடங்கினால், அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கை நிறுத்தும்போது குறைந்தால், அது பெரும்பாலும் பிஸ்டன். சூடேற ஏற வலுத்தால் தேட வேண்டிய இடம் வேறு, அநேகமாகப் பேரிங் பக்கம்.

ஒரு நூற்றாண்டு முழுதும் பொறியாளர்கள் இடைவெளியைச் சுருக்கினார்களே தவிர, அதை இல்லாமலாக்கவில்லை. சூடேறும் உலோகத்துக்கு வளர இடம் வேண்டும் என்பது மாறாத விதி. அந்த இடத்தை எவ்வளவு விடுவது என்பதைத் தீர்மானிப்பதே எஞ்சினைக் கட்டுபவரின் கல்வி.