துஞ்சின தேவரும் மாநில எல்லையும்: தொண்டை மண்டலச் சோழர் நினைவிடங்கள் குறித்து

திருக்காளத்திக்கு அருகில், திருப்பதி மாவட்டத்துத் தொண்டமநாட்டை ஒட்டி ஒரு சிவன் கோயில் உள்ளது. கல்வெட்டுகள் அதனைக் கோதண்டராமேச்சுரம் என்றும் ஆதித்தேச்சுரம் என்றும் குறிக்கின்றன. முதலாம் ஆதித்த சோழன் இறந்த இடத்தில் அவன் மகன் முதலாம் பராந்தகன் எழுப்பியது இக்கோயில். காவிரியின் இரு கரைகளிலும், மலை முதல் கடல் வரை, சிவனுக்குக் கற்கோயில்கள் எடுத்தவன் ஆதித்தன் என்று அன்பில் செப்பேடு புகழ்கிறது. அவனது இறுதி நினைவிடமோ காவிரிக் கரையில் இல்லை. அது சுவர்ணமுகி ஆறு பாயும் நிலப்பகுதியில், இன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் அமைந்துள்ளது.

உலகப் பாரம்பரியப் பட்டியலில் 'அழியாத சோழர் பெருங்கோயில்கள்' என்ற தலைப்பில் மூன்று கோயில்கள் உள்ளன. தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் இடம்பெற்றது. கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் 2004இல் விரிவாக்கமாகச் சேர்க்கப்பட்டன. மூன்றும் காவிரி, கொள்ளிடப் பகுதியைச் சேர்ந்தவை. பேரரசு நிலைபெற்ற பின் எழுந்தவை. அந்தப் பேரரசு எந்த நிலத்தை வென்று, இழந்து, மீட்டு உருவானது என்பதற்கான சான்றுகள் வடக்கே, பழைய தொண்டை மண்டலத்தில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒரே பாரம்பரியத் தொகுதியாகக் கருத இயலுமா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

சோழர் கல்வெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. இறந்த மன்னரை அவர் இறந்த இடத்தாலோ இறந்த விதத்தாலோ அடையாளப்படுத்துவர். ஆதித்தன் 'தொண்டைமானாற்றூர் துஞ்சின உடையார்' ஆகிறான். பராந்தகன் மகன் இராசாதித்தன் 'ஆனைமேல் துஞ்சினவன்' ஆகிறான். அவன் தம்பி அரிஞ்சயன் 'ஆற்றூர் துஞ்சின தேவர்'. அரிஞ்சயன் மகன் சுந்தர சோழன் 'பொன்மாளிகை துஞ்சின தேவர்'. ஆனைமேல் துஞ்சியது தக்கோலப் போரில். பொன்மாளிகை இருந்தது காஞ்சியில். ஆற்றூர் துஞ்சின தேவருக்கான பள்ளிப்படை மேற்பாடியில் எழுந்ததால், ஆற்றூரும் அதன் அண்மையிலேயே இருந்திருக்கலாம் என்பது பொதுவான ஊகம். சோழ அரச குடும்பத்தவர் நால்வர் தங்கள் பூர்வ நாட்டுக்கு வெளியே, தொண்டை மண்டலத்தில் உயிர்நீத்தனர் என்பதை இப்பெயர்களே உணர்த்துகின்றன.

இதன் பின்னணி நன்கு அறியப்பட்டது. ஆதித்தன் பல்லவ அபராசிதனை வென்று தொண்டை மண்டலத்தைச் சோழ ஆட்சிக்குள் கொணர்ந்தான். 907 அளவில் அவன் மறைந்தபோது, வென்ற நிலத்தின் வடபகுதியிலேயே அவனுக்குக் கோயில் எழுந்தது. பராந்தகனின் 34ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று அக்கோயிலில் உணவளிப்புக்குச் செய்த ஏற்பாட்டைப் பதிவு செய்கிறது. எனவே அவனது ஆட்சியின் பிற்பகுதியிலும் கோயில் பேணப்பட்டு வந்தது தெளிவாகிறது.

949இல் தக்கோலத்தில் நிலைமை மாறியது. இராட்டிரகூட மூன்றாம் கிருட்டிணனுக்கும் அவன் துணைவனான கங்க பூதுகனுக்கும் எதிரான போரில் இராசாதித்தன் வீழ்ந்தான். கன்னட நாட்டு ஆதகூர்க் கல்வெட்டு இந்நிகழ்வைக் குறிப்பிடுகிறது. அதன்பின் தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவனின் ஆட்சியாண்டுகள் தோன்றுகின்றன. 959இல் கிருட்டிணன் மேற்பாடியில் பாசறை அமைத்துத் தங்கியிருந்தான். அங்கிருந்தே கர்ஹாட் செப்பேட்டை வெளியிட்டான். சோமதேவ சூரி தம் 'யசஸ்திலக' நூலை முடித்த காலத்தையும் இதே மேற்பாடிப் பாசறையைச் சுட்டியே குறிக்கிறார்.

அரை நூற்றாண்டுக்குப் பின் முதலாம் இராசராசன் அதே மேற்பாடியில், தன் பாட்டன் அரிஞ்சயனுக்குப் பள்ளிப்படையாக அரிஞ்சிகையீச்சுரத்தை எடுத்தான். 'ஆற்றூர் துஞ்சின தேவர்க்கு' எடுக்கப்பட்ட பள்ளிப்படை என்று கல்வெட்டே கூறுகிறது. ஊருக்கு இராசாச்சிரயபுரம் என்ற புதுப்பெயரும் வழங்கியது. இராட்டிரகூடப் பேரரசன் வெற்றிவிழாக் கொண்டாடிய பாசறை ஊரில், தோற்றுப்போன தலைமுறையின் நினைவுக்குக் கோயில் எடுப்பது அரசியல் பொருள் கொண்ட செயல் என்பதில் ஐயமில்லை.

ஆக, தொண்டமநாடு வெற்றியையும், தக்கோலம் இழப்பையும், மேற்பாடி மீட்பையும் குறிக்கின்றன. மூன்றையும் சேர்த்து வாசிக்கும்போதுதான் பத்தாம் நூற்றாண்டுச் சோழ வரலாற்றின் வடக்குப் பக்கம் துலங்குகிறது. இன்று தொண்டமநாடு ஆந்திரப் பிரதேசத்திலும், தக்கோலம் தமிழ்நாட்டின் இராணிப்பேட்டை மாவட்டத்திலும், மேற்பாடி வேலூர் மாவட்டத்தில் பொன்னை ஆற்றங்கரையிலும் உள்ளன. அப்பொன்னை ஆறும் சித்தூர்ப் பகுதியில் தோன்றிப் பாலாற்றில் கலப்பதே.

இவற்றுக்கு இடையே ஓடும் எல்லைக்கோடு மிக அண்மைக் காலத்தது. சித்தூர் நகரம் நெடுங்காலம் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது. 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுடன் சென்றது. எல்லைத் தகராறைத் தீர்க்கப் படாஸ்கர் அளித்த பரிந்துரைகளின்படி 1959இல் சட்டம் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. சத்தியவேடு முதலிய பகுதிகள் ஆந்திரத்துக்குச் சென்றன. 2022 ஏப்ரல் 4இல் திருப்பதி தனி மாவட்டமானது. வி. ரங்காச்சாரி 1919இல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்ட வாரியாகத் தொகுத்து வெளியிட்டபோது, இக்கோயில்கள் அனைத்தும் ஒரே நூலின் பக்கங்களில் இடம்பெற்றன. பின்னர் ஆய்வும் மாநில எல்லையைப் பின்பற்றியது. தமிழ்நாட்டு மாணவர் ஆந்திரத்துச் சோழர் கோயில்களுக்குச் செல்வது குறைந்தது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளைப் படிக்கக்கூடிய உள்ளூர் வாசகரும் குறைந்தனர்.

உலகப் பாரம்பரிய ஒப்பந்தத்தின் செயல்பாட்டு வழிகாட்டு நெறிகள் இத்தகைய சிதறிய சான்றுகளுக்கு ஒரு வழி வைத்துள்ளன. ஒன்றுக்கொன்று தெளிவான தொடர்புடைய பல இடங்களை ஒரே முன்மொழிவாக அளிக்கலாம். இதுவே தொடர் முன்மொழிவு. நாட்டெல்லை தாண்டியவையாயின் தொடர்புடைய நாடுகள் கூட்டாகத் தயாரிக்க வேண்டும் என்பது பரிந்துரை. நெறிகளின் 137ஆம் பத்தி மூன்று நிபந்தனைகளை வலியுறுத்துகிறது. முதலாவது, உறுப்பிடங்களுக்கிடையே காலப்போக்கில் நிலவிய பண்பாட்டு, சமூக அல்லது செயல்முறைத் தொடர்பு. இரண்டாவது, ஒவ்வோர் உறுப்பும் மொத்த மதிப்புக்குத் தனக்கே உரிய, எளிதில் விளக்கத்தக்க பங்கை அளிக்க வேண்டும். மூன்றாவது, முழுத் தொகுதியும் நிர்வகிக்கத்தக்கதாக, சிதறாமல் இருக்க வேண்டும்.

இரண்டாம் நிபந்தனையிலேயே பல முன்மொழிவுகள் தடுமாறுகின்றன. லெ கார்பூசியேவின் கட்டடங்கள் 2009இலும் 2011இலும் ஏற்கப்படவில்லை. ஒவ்வோர் உறுப்பும் ஏன் தேவை என்ற கேள்வி எழுந்தது. மீண்டும் செப்பனிடப்பட்டு, சண்டிகர் உட்பட 7 நாடுகளின் 17 இடங்களாக 2016இல்தான் அது இடம்பெற்றது. திருப்பதி, சித்தூர் வட்டாரத்திலும் இந்த ஆபத்து உண்டு. குடிமல்லத்து இலிங்கம், திருச்சானூரின் பல்லவ, சோழச் சான்றுகள், திருக்காளத்தியின் விசயநகரப் பணிகள், சந்திரகிரியின் ராஜமகால் என ஒவ்வொன்றும் தனியே பெருமதிப்புடையது. ஆனால் அனைத்தையும் ஒரே பட்டியலில் திணித்தால் 'இந்த வட்டாரத்தில் உள்ளவை' என்பதைத் தவிர அவற்றை இணைக்கும் கருத்து எதுவும் எஞ்சாது. குடிமல்லம் தொல் சிவவழிபாட்டு வரலாற்றுக்கு உரியது. சந்திரகிரி பெனுகொண்டா, வேலூர் ஆகியவற்றோடு சேர்த்து, 1565க்குப் பிந்தைய விசயநகரத் தலைநகர்களின் வரிசையில் படிக்கத்தக்கது. சோழர் நினைவிடத் தொகுதியில் அவற்றுக்கு இடமில்லை.

ஒப்பீட்டு ஆய்வுக்கு மூன்று எடுத்துக்காட்டுகள் பயன்படும். முதலாவது, கொரியாவின் ஜோசன் அரச கல்லறைகள். 18 இடங்களில் உள்ள 40 கல்லறைகள் 2009இல் தென் கொரியாவின் பெயரில் இடம்பெற்றன. அதே வமிசத்தின் இரண்டு கல்லறைகள் வட கொரியாவின் கேசோங்கில் இருப்பதால் தொகுதிக்கு வெளியே நின்றன. ஒரு வமிசத்தின் நினைவிடங்களை இருபதாம் நூற்றாண்டு எல்லை எவ்வாறு பிரிக்கும் என்பதற்கு இது நேரடிச் சான்று. இரண்டாவது, அசாமின் சராய்தேவ் மொய்தாம்கள். அகோம் அரசர்களின் இம்மண்மேட்டுக் கல்லறைகள் 2024இல் இடம்பெற்றன. அரச நினைவிடம் என்ற வகைக்கு இந்தியாவிலிருந்தே ஏற்பு கிடைத்திருப்பதை அது காட்டுகிறது. அதேவேளை பள்ளிப்படை எவ்வகையில் வேறுபட்டது என்பதை விளக்கும் கடமையையும் விதிக்கிறது. மன்னரின் நினைவிடம் இலிங்கம் நிறுவப்பட்ட கோயிலாகி, நிவந்தமும் வழிபாடும் பெறுவதே அவ்வேறுபாடு.

மூன்றாவது எடுத்துக்காட்டு நிர்வாகம் சார்ந்தது. 2025இல் இடம்பெற்ற மராத்தியர் இராணுவ நிலவமைப்புகளில் 12 கோட்டைகள் உள்ளன. 11 மகாராட்டிரத்தில், 12ஆவது செஞ்சி. எட்டுக் கோட்டைகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பிலும், நான்கு மகாராட்டிர அரசின் துறையிடமும் உள்ளன. 1677இல் சிவாஜி கைப்பற்றியதும், 1698 வரை இராசாராமின் புகலிடமாக நீடித்ததும் செஞ்சியைத் தொகுதிக்குள் கொணர்ந்த வரலாற்றுக் காரணங்கள். மொழியும் மாநிலமும் வேறாக இருந்தும் வரலாற்றுத் தொடர்பு உறுதியாக இருந்தால் முன்மொழிவு நிற்கும் என்பதற்குச் செஞ்சியே சான்று.

எதிர்வாதங்களையும் மறைக்கலாகாது. இவை சிறிய கோயில்கள்; தஞ்சையின் பிரமாண்டம் இவற்றில் இல்லை. எனவே 1987ஆம் ஆண்டுப் பதிவின் விரிவாக்கமாக இவற்றைக் கேட்பது பொருந்தாது. அப்பதிவின் மதிப்பு கட்டடக்கலைச் சாதனையில் ஊன்றியது. தக்கோலத்தில் போர் நினைவு இடத்தோடு பிணைந்திருந்தாலும், இராசாதித்தனுக்குரிய பள்ளிப்படை என உறுதியாகச் சுட்டத்தக்க கட்டடம் இல்லை. அதனை உறுப்பாகச் சேர்ப்பதா, பின்னணி விளக்கமாக மட்டும் நிறுத்துவதா என்பது நேர்மையாக முடிவு செய்யப்பட வேண்டியது. பிற்காலத் திருப்பணிகள் எந்த அளவு மெய்ம்மையைப் பாதித்துள்ளன என்பதும் ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனியே பதிவாக வேண்டும்.

பாதுகாப்பு என்பது ஏட்டளவுக் கவலை மட்டும் அன்று. திருக்காளத்தியில் 1516இல் கிருட்டிணதேவராயர் எடுத்த பெருங்கோபுரம் 2010 மே 26 அன்று இடிந்து விழுந்தது. நாள்தோறும் பெருந்திரளான மக்கள் வந்து செல்லும், வருவாய் மிக்க கோயிலுக்கே அக்கதி நேர்ந்தது. அங்கிருந்து சில கல் தொலைவில், கூட்டம் வராத ஆதித்தேச்சுரம் நிற்கிறது.

வேங்கட மலையின் அண்மை நிகழ்வும் இங்கு நினைக்கத்தக்கது. 2025இல் திருமலைக் குன்றுகள் இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. இயற்கைப் பாரம்பரியம் என்ற வகையில். சிலாதோரணம் என்னும் இயற்கைக் கல்வளைவும், நூற்றைம்பது கோடி ஆண்டுப் பழமை கூறப்படும் பாறை இடைவெளியும் அதற்குரிய தகுதிகள். நிலவியல் நோக்கில் அது முற்றிலும் நியாயமான தேர்வு. ஆயினும் தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்தின் வட எல்லையாகச் சுட்டும் மலை அது. திருமலை திருப்பதி தேவத்தானம் 1930களில் பல தொகுதிகளாக வெளியிட்ட அதன் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். அந்த மனித வரலாறு வேறொரு முன்மொழிவுக்காகக் காத்திருக்கிறது.

நடைமுறையில் முதற்படி எளியது. ஒரு முன்மொழிவு உத்தேசப் பட்டியலில் குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு நாடு ஒரு முன்மொழிவையே அளிக்க முடியும். 2028 முதல் அளிக்கப்படுவனவற்றுக்கு முன்மதிப்பீடு கட்டாயம். அது இடத்தை நேரில் பாராமல், ஆவணங்களை மட்டுமே கொண்டு செய்யப்படுவது. எனவே ஆவணம் வலுவாக இல்லாத இடம் தொடக்கத்திலேயே வீழும். தொண்டமநாடு, மேற்பாடி ஆகிய இரண்டு கோயில்களின் கல்வெட்டுகளையும் மூலத்தோடு ஒப்பிட்டு, தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் ஒரே பதிப்பாக வெளியிடுவதும், கட்டடங்களை அளந்து வரைபடம் ஆக்குவதும் முதற்பணி. திருப்பதியில் 1954இல் நிறுவப்பட்ட திருவேங்கடவன் பல்கலைக்கழகம், வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், தென்னக மொழிகளுக்கென்றே 1997இல் குப்பத்தில் எழுந்த திராவிடப் பல்கலைக்கழகம் என மூன்றும் இந்நிலப்பகுதியிலேயே உள்ளன. மேற்பாடிக்கும் தொண்டமநாட்டுக்கும் இடைப்பட்ட தொலைவை ஒரே நாளில் கடந்து இரு கோயில்களையும் பார்த்துவிடலாம். இரு மாநில மாணவர் குழு ஒன்று, மூன்று மொழியும் அறிந்தவர்களைக் கொண்டு, ஓராண்டுக் காலத்தில் முடிக்கத்தக்க வேலை இது. பட்டியலில் இடம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அந்தப் பதிப்பு ஆதித்தனின் நினைவிடத்தை மீண்டும் சோழ வரலாற்றின் உள்ளே கொண்டுவரும்.