பீப்பாய்க்குள்ள என்ன இருக்கு?

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போற ரோட்டில்தான் மங்கலம்பேட்டை கடைத்தெரு. அந்த வழியா டேங்கர் லாரி போனா அதன் பலகையைக் கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. நாலு இலக்கத்தில் ஒரு எண் இருக்கும். 1203 என்றால் பெட்ரோல். 1075 என்றால் சமையல் எரிவாயு. 1005 என்றால் அம்மோனியா. நிறைய பேர் அது ஏதோ லாரி கம்பெனி நம்பர்னு நினைச்சுக்கறாங்க. அது ஐ.நா. சபையின் நிபுணர் குழு கொடுத்த எண். அந்தக் குழுவின் முதல் பரிந்துரைகள் 1956ல் வந்தது.

ஆனா கதை அதுக்கும் நூறு வருஷம் முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சு. கேள்வி ரொம்ப சிம்பிள். ஒருத்தன் சரக்கு அனுப்பறான், இன்னொருத்தன் ஏத்திட்டுப் போறான். உள்ளே இருப்பது ஆபத்தான பொருள்னு யார் சொல்லணும்? சொல்லாம விட்டா நஷ்டம் யார் தலையில்?

1856ல் இங்கிலாந்தில் 'பிராஸ் எதிர் மெயிட்லாண்ட்' என்று ஒரு வழக்கு. பொதுச் சரக்குக் கப்பலில் பிளீச்சிங் பவுடர் பீப்பாய்களை ஏத்தி அனுப்பியிருக்காங்க. பீப்பாய் சரியில்லை. பவுடர் அரிச்சு வெளியே வந்து பக்கத்தில் இருந்த மத்தவங்க சரக்கையும் கெடுத்துடுச்சு. அனுப்பினவங்க சொன்ன பதில்: "நாங்களே இன்னொருத்தர்கிட்ட பேக் பண்ணினபடி வாங்கினோம், உள்ளே எப்படி இருந்ததுன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?" நியாயமாத்தான் படுது இல்லையா? ஆனா பெரும்பான்மை நீதிபதிகள் ஒத்துக்கலை. ஆபத்தான சரக்கை அறிவிப்பு கொடுக்காம ஏத்த மாட்டேன் என்கிற வாக்குறுதி, ஒப்பந்தத்தில் எழுதலைன்னாலும் உள்ளடங்கி இருக்கு என்றார்கள். ஒரே ஒரு நீதிபதி மட்டும், தெரியாதவன் மேல எப்படிப் பழி போடறதுன்னு மாறுபட்டுத் தீர்ப்பு எழுதினார். அந்தக் கருத்து வேறுபாடு அப்புறம் பல வருஷம் ஓடிச்சு.

பத்தே வருஷத்தில் இன்னொரு கதை. 1866 ஏப்ரல் 16, சான் பிரான்சிஸ்கோ. வெல்ஸ் ஃபார்கோ பார்சல் ஆபீசுக்கு ஒழுகற பெட்டி ஒண்ணு வந்தது. என்ன ஒழுகுதுன்னு பார்க்க சுத்தியலும் உளியுமா பெட்டியைத் திறந்தாங்க. உள்ளே இருந்தது நைட்ரோகிளிசரின். சுமார் 15 பேர் செத்துப் போனாங்க, கட்டடமும் சிதைஞ்சது. கட்டட ஓனர் வழக்குப் போட்டார். உள்ளே என்னன்னு தெரியாது, சந்தேகப்படவும் காரணம் இல்லை, அதனால பார்சல் கம்பெனி மேல் தப்பு இல்லைன்னு 1872ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சுத்தியல் பிடிச்சவங்களுக்கு அந்தப் பெட்டியைப் பத்தி யாருமே எதுவும் சொல்லலை. அவ்வளவுதான் விஷயம்.

நம்ம ஊர்ச் சட்டத்துக்கு வருவோம். அதே 1872ல் வந்த இந்திய ஒப்பந்தச் சட்டம், 150ஆம் பிரிவு. ஒரு பொருளை இன்னொருத்தர்கிட்ட ஒப்படைக்கிறவர், தனக்குத் தெரிந்த குறைகளில் அவருக்கு அசாதாரண ஆபத்து உண்டாக்கக்கூடியதைச் சொல்லியாகணும். ரயில்வேக்கு 1890 சட்டத்திலேயே இது உண்டு. ஆபத்தான சரக்கை ஏத்திக்கோன்னு ரயில்வேயை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அறிவிக்காம கொண்டு வரவும் கூடாது. 1989 ரயில்வே சட்டத்தில் இப்பவும் அது 67ஆம் பிரிவா இருக்கு.

'ஆபத்தான சரக்கு' என்றதும் வெடிமருந்து, ஆசிட் மட்டும்தான் ஞாபகம் வரும். நம்ம பக்கத்துக்கு ஏத்த மாதிரி ஒரு உதாரணம் சொல்றேன்: மல்லாட்டை! (விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட வி.ஆர்.ஐ. ரகங்கள் விவசாயிகளுக்குத் தெரிஞ்சதுதான்.) 1990ல் செனகல் நாட்டு டக்கார் துறைமுகத்தில் கடலைப் புண்ணாக்குக் குருணையை 'கியானிஸ் என்.கே.' என்ற கப்பலில் ஏத்தினாங்க. அதில் காப்ரா வண்டு இருந்தது அனுப்பினவங்களுக்கே தெரியாது. போன துறைமுகங்களில் இறக்க விடலை. அதே கப்பலில் இருந்த கோதுமையையும் சேர்த்துக் கடலில் கொட்ட வேண்டியதாப் போச்சு. 1998ல் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை தீர்ப்பு: இதுவும் ஆபத்தான சரக்குதான், தெரியாதுன்னு சொன்னாலும் அனுப்பினவரே பொறுப்பு. 1856 பெரும்பான்மை சொன்ன அதே பதில்!

இதுவரைக்கும் பார்த்தது எல்லாம் ஒப்பந்தம் போட்ட ரெண்டு பேருக்குள்ள நடந்த சண்டை. ரோட்டோரம் டீ குடிச்சிட்டு இருக்கிறவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடலையே, அவன் கதி? இந்தியாவில் இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க முடியாமல் செய்தது 1984 டிசம்பர் போபால். அடுத்த வருஷமே டெல்லியில் ஓலியம் வாயுக் கசிவு. அந்த எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 'முழுப் பொறுப்பு' என்ற கொள்கையைக் கொண்டு வந்தது. 1991ல் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம். யார் தப்புன்னு நிரூபிக்காமலே பாதிக்கப்பட்டவருக்கு உடனடி நிவாரணம். வண்டியில் கொண்டு போவதும் அதில் அடக்கம். ஆனா அந்தச் சட்டம் வந்தப்போ ஒரு உயிருக்கு வெச்ச தொகை 25,000 ரூபாய்தான்!

லாரிக்கான விதிகள் 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 129 முதல் 137 வரை இருக்கு. இதில் எனக்குப் பிடிச்சது, பொறுப்பை மூணு பேருக்குப் பிரிச்ச விதம். விதி 131 சரக்கு அனுப்பறவருக்கு: பொருளைப் பத்தின முழுத் தகவலையும் லாரி உரிமையாளருக்குக் கொடுக்கணும். 132 உரிமையாளருக்கு: அந்தத் தகவலை டிரைவருக்கு எழுத்தில் கொடுக்கணும், அதோட அவருக்குப் புரிஞ்சுதான்னும் உறுதி பண்ணிக்கணும். 133 டிரைவருக்கு: அந்த 'டிரெம் கார்டு' எப்பவும் கேபினில் இருக்கணும். விபத்துன்னா போலீசுக்குச் சொல்றது விதி 136. விதி 9 தனியா டிரைவருக்குப் பயிற்சியும் சான்றிதழும் கேட்குது. அந்த ஓட்டுநர் உரிமம் முன்னாடி ஒரு வருஷத்துக்குத்தான். 2019 திருத்தத்தில் மூணு வருஷம் ஆச்சு.

1865ஆம் வருஷத்துக் கேரியர்ஸ் சட்டத்தை எடுத்துட்டு 2007ல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தது, 2011 மார்ச்சில் அமலுக்கு வந்தது. ஆபத்தான சரக்குக்கு இன்சூரன்ஸ் இருக்கான்னு வண்டி கிளம்பும் முன்னாடியே டிரான்ஸ்போர்ட்காரர் பார்த்தாகணும் என்கிறது அது.

ரெண்டு சம்பவத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாருங்க. 2012 ஆகஸ்ட், கண்ணூர் பக்கம் சாலா. கேஸ் டேங்கர் கவிழ்ந்து வெடிச்சதில் 20 பேர் இறந்தாங்க. 2025 ஜனவரி 3, கோவை அவிநாசி ரோடு மேம்பாலம். கொச்சியிலிருந்து 18 டன் எரிவாயுவோட வந்த டேங்கர் கவிழ்ந்து கசிஞ்சது. சுத்தி இருந்த பள்ளிகளுக்கு லீவு விட்டாங்க, தண்ணி அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, ஒருத்தருக்கும் ஆபத்தில்லை. கோவையில் தப்பிச்சதுக்குச் சட்டம் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன். ஆனா உள்ளே என்ன இருக்குன்னு வந்தவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சுத்தியல் பிடிச்சவங்களுக்கு அது தெரியலை.

சூளைக்கு எரிபொருள் வாங்கற செராமிக் பட்டறைக்காரர் ஆகட்டும், ஆசிட் வாங்கற சின்னக் கம்பெனி ஆகட்டும், ஒப்பந்தத்தில் சாதாரணமா ஒரு வரி போடறாங்க: "வண்டி ஏறியபின் எல்லாப் பொறுப்பும் டிரான்ஸ்போர்ட்டருடையது". அது அவங்க ரெண்டு பேருக்குள்ள பணக் கணக்கை வேணா மாத்தும். விதி 131 சுமத்தற கடமையை அந்த ஒரு வரியால் கழட்டி விட முடியாது. ரோட்டில் அடிபட்டவனையும் அது கட்டாது.

அதனால சரக்கின் சரியான பெயர், ஐ.நா. எண், எப்படி பேக் பண்ணியிருக்கு, லேபிள் யார் ஒட்டணும், கார்டு யார் கொடுக்கணும், டிரைவர் பயிற்சிச் சான்றிதழ், இன்சூரன்ஸ் - இத்தனையும் ஒப்பந்தத்தில் எழுதுங்க. எழுதினதை டிரைவருக்கும் சொல்லுங்க. கவிழ்ந்த வண்டிக்குப் பக்கத்தில் முதல்ல நிக்கப் போறது அவர்தான். நீங்க யாராவது லாரித் தொழிலில் இருந்தா, டிரெம் கார்டை நிஜமாவே டிரைவருக்கு விளக்கிச் சொல்றாங்களான்னு எழுதுங்க, தெரிஞ்சுக்க ஆசை.