முதுகில் ரெண்டு நூல்

அரிவாள் அடிக்கச் சொல்லி வருகிறவரிடம், விலை பேசும் முன் அப்பா ஒன்று கேட்பார்: “என்னத்த வெட்டப் போறீக?” பனையா, தென்னையா, வேலிக்கருவையா, ஆட்டுக்குக் குழையா என்று பதில் வந்த பிறகுதான் இரும்புக் குவியலில் பட்டை தேடுவார். எங்கள் பட்டறை வைகைக் கரையோரம், திருப்பாச்சேத்திக்கும் மானாமதுரைக்கும் நடுவில் இருந்தது. அரிவாளுக்குப் பேர்போனது திருப்பாச்சேத்தி. அங்கே வேலை நெருக்கும்போது எங்களிடமும் ஆள் வரும். அப்பா குறட்டில் இரும்பைப் பிடித்துச் சிறு சுத்தியலால் இடம் காட்டுவார், அம்மா அந்த இடத்தில் சம்மட்டி போடுவார். துருத்திச் சக்கரம் சுற்றுவது என் வேலை.

அப்பாவின் அளவு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல், மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். கருவை வெட்டும் அரிவாளுக்குப் பிடியோரம் முதுகு ரெண்டு நூல் இருக்கும். மூக்கை நெருங்க நெருங்க ஒன்றரைக்கு இறங்கும். தேங்காய் உடைக்கவும் விறகு பிளக்கவும் என்றால் ரெண்டரை நூல். பிளக்கும் வேலையை முதுகின் தடிமன்தான் செய்கிறது: வாய் உள்ளே இறங்கியதும் பின்னால் வரும் முதுகு இரண்டு பக்கமும் நெட்டித் தள்ளும். இளநீர் சீவுகிறவருக்கு அதே தடிமனைக் கொடுத்தால் மட்டைக்குள் சிக்கிக்கொள்ளும். அவருக்கு அகலமான, மெல்லிய தகடு வேண்டும். எடை மட்டும் மூக்கில் நிற்க வேண்டும். பனையேறியின் பாளை அரிவாள் இந்தக் கணக்குக்கே வராது. பாளையை மயிரிழையாகச் சீவ வேண்டும் என்பதால் அது மெல்லியது, எடையும் பிடியை ஒட்டியே இருக்கும். வெள்ளைக்கல் பொடி தூவிய மரப்பலகையில் தீட்டித் தீட்டி, அரிவாள் பெட்டியில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஏறுவார்கள்.

மெல்லியது மேல் என்றோ தடித்தது மேல் என்றோ அப்பா ஒருநாளும் சொன்னதில்லை. ஒரு தகட்டின் தடிமனைப் பாதியாக்கினால் எடை பாதி குறையும். வளையாமல் நிற்கும் விறைப்போ எட்டில் ஒரு பங்காகிவிடும். இந்தக் கணக்கை நான் கல்லூரியில்தான் படித்தேன். அப்பா அதைக் கையில் வைத்திருந்தார். அரை நூல் குறைக்கச் சொன்னால் முதலில் நீளத்தைக் குறைக்கச் சம்மதமா என்று கேட்பார்.

எங்கள் சிவகங்கைச் சீமையில் இரும்பு அடித்தவர்களின் வரலாற்றில் 1801 ஒரு வெட்டு. அந்த வருடம் அக்டோபர் 24-ம் தேதி, ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பர் 1-ம் தேதி சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ், பாளையக்காரர்களின் கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் பிரகடனம் வெளியிட்டார். வாளும் ஈட்டியும் செய்த உலைகளுக்கு அதன்பின் மிஞ்சியது கொழுவும் மண்வெட்டியும் அரிவாளும்தான். இந்தப் பக்கத்து அரிவாளின் தேர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். சில கருவிகளிலேயே அத்தனை கையும் குவிந்தது.

இரும்பும் மாறியது. சேலத்துத் தாதுவை மரக்கரியில் உருக்கிய நாட்டு உலைகள், கப்பலில் வந்த சீமை இரும்பின் விலையோடு போட்டி போட முடியாமல் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாக அணைந்தன. 1830-ல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் தொடங்கிய பெரிய இரும்பாலையும் நிலைக்கவில்லை. தாத்தா காலத்து அரிவாளுக்கு உடல் மெத்தென்ற பச்சை இரும்பு. வாயில் மட்டும் எஃகுப் பட்டை வைத்து, உலையில் வெள்ளை வெளேரென்று காய்ச்சி, ஒட்டி அடிப்பார்கள். எஃகுக்கு அவ்வளவு விலை. பச்சை இரும்பு வளைந்தால் வளைந்தபடியே நின்றுவிடும் என்பதால் முதுகைத் தடிக்க விட்டாக வேண்டும். எங்கள் வீட்டில் இருந்த தாத்தாவின் அரிவாள் மூன்று நூல். அதை வீசிப் பார்த்த எவரும் இரண்டாம் முறை கேட்டதில்லை.

லாரியும் பஸ்ஸும் பெருகிய பிறகு ஸ்பிரிங் பட்டை வந்தது. வண்டியின் எடையைத் தாங்கித் தாங்கி மீள்வதற்கென்றே செய்த எஃகு அது. நூறு பங்கில் அரைப் பங்குக்கு மேல் கரி உண்டு. முதுகு முதல் வாய் வரை ஒரே உலோகம். வளைந்தால் மீளும். மூன்று நூல் ரெண்டு நூலாக இறங்கியது இதனால்தான், எஃகு வைத்து ஒட்டும் வேலையும் அத்தோடு போயிற்று. கூடிய கவலை தோய்ச்சல். செர்ரிப் பழச் சிவப்பில் வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுத்து, முதுகில் மிஞ்சிய சூடு வாய்க்கு இறங்க விட்டு, வைக்கோல் நிறம் ஊதாவுக்குத் திரும்புகிற கணத்தில் முழுதாக முக்க வேண்டும். கணம் தப்பினால் ஒன்று வாய் தெறிக்கும், அல்லது மடங்கும். வெளிச்சத்தில் நிறம் ஏமாற்றும் என்று அப்பா இதை விடியுமுன் செய்வார்.

அதே காலத்தில் எங்கள் கண்மாய்களையும் தரிசுகளையும் சீமைக் கருவேலம் பிடித்துக்கொண்டது. கரிமூட்டம் போட ஆட்கள் நாள் முழுக்க அதை வெட்டினார்கள். காய்ந்த கருவையில் மெல்லிய வாய் பல் பல்லாக உதிரும். ஆகவே அப்பா வாய்க்குச் சற்று மேலே சதை விட்டார். ஆனால் முதுகைக் கூட்டவில்லை. பொழுது சாயும்வரை தூக்க வேண்டிய கருவிக்கு எடை எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். முடித்த அரிவாளை ஆள்காட்டி விரலில் கிடத்துவார். பிடியிலிருந்து நான்கு விரல் தள்ளிச் சமநிலை கண்டால் சரி. அதற்கும் முன்னே போனால் வெட்டு ஆழமாக இறங்கும், மணிக்கட்டு மாலைக்குள் வீங்கும். பின்னே வந்தால் முழுப் பாரத்தையும் தோள் சுமக்கும். மூக்கைத் தட்டி மெலித்தோ, பிடிக்கட்டையை மாற்றியோ விரலில் நிற்கும்வரை விடமாட்டார்.

கருப்பசாமிக்கு நேர்ந்துகொண்டு செய்யும் ஆளுயர அரிவாளுக்கு இந்தச் சோதனை கிடையாது. அது கோயிலில் நிற்பதற்கு. அதற்குத் தோய்ச்சலும் வேண்டாம், ஆனால் அப்பா அதற்கும் வாய் தீட்டித்தான் கொடுப்பார்.

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தை ஒட்டி 1962-ல் வந்த விதிகள், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளை ஆயுதக் கணக்கில் சேர்த்தன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் செய்தவற்றை விலக்கின. தடிமனைப் பற்றி அதில் பேச்சில்லை. ஒரு கருவி எந்த வேலைக்குச் செய்யப்பட்டது என்பதை முதுகும் சமநிலையும்தான் சொல்லும். சினிமாவில் வீசுகிற அரிவாள் நீளத்தையும் பளபளப்பையும் காட்டுகிறது. அதை வைத்துக்கொண்டு ஒரு வேலியைக்கூட முழுதாக வெட்டித் தீர்க்க முடியாது. அந்தப் படங்களால் எங்கள் தொழிலின் மேல் படிந்த பேர் என்னை இன்றும் வருத்துகிறது. 2021 செப்டம்பரில் தமிழகக் காவல்துறை, வாங்குகிறவரின் பெயரையும் முகவரியையும், எதற்காக வாங்குகிறார் என்பதையும் பட்டறைகள் குறித்து வைக்க வேண்டும் என்றது. இப்போது பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஒரு நோட்டுப் போட்டான். எதற்காக என்ற பத்தியில் அவன் மரத்தின் பெயரை எழுதுகிறான்.

சந்தையில் இப்போது தகட்டிலிருந்து மெஷினில் வெட்டிய அரிவாள் மலிவாகக் கிடைக்கிறது. பிடி முதல் மூக்கு வரை ஒரே தடிமன். விரலில் கிடத்தினால் எங்கேயோ போய் நிற்கும். புது லாரிகளின் ஸ்பிரிங்கும் மாறிவிட்டது: பல பட்டைகள் அடுக்கிய இடத்தில், நடுவில் தடித்து முனைகளில் மெலிந்த இரண்டு மூன்று பட்டைகள்தான் வருகின்றன. தம்பி நடுத்துண்டைத் தேங்காய்க்கும் விறகுக்கும் எடுத்து வைக்கிறான். முனைத் துண்டுகளைக் குழை வெட்டும் அரிவாளுக்குப் பவர் சுத்தியலில் கொடுக்கிறான். அவற்றில் பாதிச் சரிவு ஏற்கெனவே இருக்கிறது.