முந்திரி ஓட்டு எண்ணெய் போன தூரம்

பங்குனி, சித்திரையில் பாலக்காடு மாவட்டத்து மண்ணார்க்காடு பக்கம் முந்திரித் தோட்டங்களில் பழவாசம் ஆளைத் தூக்கும். பழத்தின் அடியில் தொங்கும் கொட்டையை மலையாளத்தில் அண்டி என்பார்கள். பருப்பின் பெருமையைச் சொல்ல நிறையப் பேர் உண்டு. எனக்கு அதன் ஓட்டைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மரம் பிரேசிலில் பிறந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். மாமரத்துக்கும் சேங்கொட்டைக்கும் இது உறவு. சேங்கொட்டைப் பால் தோலைப் புண்ணாக்கும் என்று நம் பாட்டிமாருக்குத் தெரியும். முந்திரி ஓட்டு எண்ணெய்க்கும் அந்தக் குணம்தான். கொல்லத்திலும் பண்ருட்டியிலும் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் சாம்பலோ விளக்கெண்ணெயோ தடவிக்கொண்டு உட்காருவார்கள். அப்படியும் விரல்கள் கறுத்துத் தோல் உரியும்.

ஓட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த எண்ணெய். சூடேறும்போது அதிலுள்ள அனகார்டிக் அமிலம் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கார்டனாலாக மாறும். ஒரு வளையத் தலை, 15 கார்பன் நீளத்தில் வால்: இதுதான் கார்டனால். பிரேக் லைனிங்குக்கும் பெயிண்டுக்கும் நெடுங்காலமாகப் போய்க்கொண்டிருந்த சரக்கு.

திருவனந்தபுரத்து வட்டார ஆராய்ச்சிக் கூடத்தில் கார்டனாலோடு பழகிய வேதியியலாளர் ஜார்ஜ் ஜான், ஜப்பானில் தோஷிமி ஷிமிசு குழுவோடு சேர்ந்து இந்தத் தலையில் ஒரு குளுக்கோஸைக் கோத்தார். குளுக்கோஸ் தண்ணீரை நாடும், வால் எண்ணெயை நாடும். பூந்திக்கொட்டை நுரைப்பதும் இப்படி ஒரு சர்க்கரைத் தலையால்தான். ஆனால் இங்கே நுரையோடு நிற்கவில்லை. வெந்நீரில் கரைத்து மெல்ல ஆறவிட்டபோது மூலக்கூறுகள் வால்களை உள்ளே மறைத்து அடுக்கடுக்காகச் சேர்ந்தன. முதலில் நூலாகி, நூல் கயிறாக முறுகி, முறுக்கு நெருங்கிக் கடைசியில் குழாயாகிவிட்டது. மில்லிமீட்டரில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு தடிமன்தான் இருக்கும். 2001இல் இதை உலகுக்குச் சொன்னார்கள்.

என்னை நெகிழவைப்பது வால். வளைவில்லாத வால் முறுக்கு நூலாக நின்றுவிடுகிறது. நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பால் வளைந்த வால்தான் குழாயாகிறது. அந்த வளைவை எந்த ஆய்வகமும் செய்யவில்லை. மரமே ஓட்டுக்குள் வைத்திருந்தது.

சர்க்கரைத் தலையும் நீள வாலும் சேர்ந்த பொருள்களின் விசித்திரம் பழைய கதை. 1911லேயே எமில் பிஷர், ஹெல்ஃபெரிக் இருவரும் அவற்றுக்கு இரண்டு உருகுநிலை இருப்பதைக் கண்டார்கள். முதல் சூட்டில் திண்மம் குலைந்தாலும் அடுக்கு கலையாது. ஓடும் திரவத்துக்குள் படிகத்தின் ஒழுங்கு மிச்சமிருக்கும். அதுதான் திரவப்படிகம். இதே இனத்து மூலக்கூறுகள் கரைப்பானை வலைபோலப் பிடித்துவைத்தால் ஜெல். 2010இல் நியூயார்க்கில் ஜார்ஜ் ஜான் குழு மானிட்டால், சார்பிட்டால் என்னும் சர்க்கரை ஆல்கஹால்களோடு கொழுப்பு அமிலத்தைச் சேர்த்து, தண்ணீரில் கலந்த டீசலை மட்டும் ஜெல்லாக உறையவைத்துக் காட்டியது. ஜெல்லைக் காய்ச்சி வடித்தால் டீசல் திரும்பக் கிடைக்கும்.

இவ்வளவு தூரம் போன எண்ணெய், உடைக்கும் பெண்ணின் விரலை இன்றும் சுட்டுக்கொண்டிருக்கிறது. ஓட்டு எண்ணெய்க்குக் கூடும் விலையில் முதல் பங்கு அவளது கையுறைக்கும் தோல் மருத்துவத்துக்கும் போகட்டும். முந்திரி ஆலை நடத்துகிறவர்களும் அரசும் இந்தப் பருவத்திலேயே இதைத் தொடங்க வேண்டும்.