வெள்ளைக் கையுறைகள்

அமெரிக்கப் பெண்களின் மோட்டார் சைக்கிள் சங்கமான ‘மோட்டார் மெய்ட்ஸ்’ பந்தயத் திடலில் பிறந்ததன்று, கடிதங்களில் பிறந்தது. 1930களின் இறுதியில் லிண்டா டுஜோ, பெண் விமானிகளின் ‘நைன்ட்டி நைன்ஸ்’ அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, வண்டி விற்பனையாளர்களுக்கெல்லாம் எழுதி, தாமே வண்டி ஓட்டும் பெண்களைத் தேடினார். 51 பேர் கிடைத்தனர். 1941இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அங்கீகரித்தது.

முதல் தலைவரான டாட் ராபின்சன் 1912இல் மெல்பர்னில் பிறந்தவர். தந்தை சைடுகார் தயாரிப்பாளர். 1940இல், மிச்சிகன் காடுகளினூடே நடக்கும் கடினமான ஜேக் பைன் போட்டியில் சைடுகார் பிரிவில் வென்றார். கணவர் எர்லுடன் டெட்ராய்ட்டில் ஹார்லி விற்பனையகம் நடத்திக்கொண்டே கால் நூற்றாண்டு சங்கத்துக்குத் தலைமை தாங்கினார்.

சங்கத்தின் சீருடையில் வெள்ளைக் கையுறையும் உண்டு. இதை நடுத்தர வர்க்கக் கண்ணியத்திடம் சரணடைந்ததாக வாசிப்பது எளிது, அவசர வாசிப்பும்கூட. உறுப்பினராக, தன்னுடைய அல்லது குடும்பத்தாருடைய வண்டியைத் தானே ஓட்ட வேண்டும் என்பது விதி. பின்னிருக்கைக்கு அங்கே இடமில்லை. கையுறையையும் இவ்விதியையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்: முன்னது ஊராரின் வாயை அடைத்தது, பின்னது வண்டியைப் பெண்ணின் கையில் வைத்தது.

ஆயினும் அக்கண்ணியத்துக்கு ஒரு நிறம் இருந்தது. தாய்ச்சங்கம் அக்காலத்தில் கறுப்பினத்தவரை உறுப்பினராக ஏற்கவில்லை. அதே ஆண்டுகளில் தனியே நாடு சுற்றிய கறுப்பினப் பெண் பெஸ்ஸி ஸ்ட்ரிங்ஃபீல்டு பிற்காலத்தில் மயாமியில் தாமே ஒரு சங்கம் தொடங்கினார். மோட்டார் சைக்கிள் சாதனையாளர் வரிசையில் ராபின்சன் 1998இல், இறப்பதற்கு ஓராண்டு முன்பு, சேர்க்கப்பட்டார். ஸ்ட்ரிங்ஃபீல்டு 2002இல், இறந்து ஒன்பது ஆண்டுகளுக்குப் பின்பு.